சீரான வேகத்தில் மட்டும் திணறிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்

கார்புரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) பாயிண்ட் இக்னிஷனும் (தொடுமுனைகள் திறந்து மூடி பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் பழைய முறை) உள்ள பழைய இரண்டு சீட்டர். தினமும் வேலைக்கு ஓட்டுவது இதைத்தான். திடீரென்று ஜெர்க் அடிக்க ஆரம்பித்தது. ஐட்லிங் சுத்தம். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் சீறிப் பாயும். லேசாக மிதித்து 60 கி.மீ.யில் நிதானமாகப் போனால் மட்டும் விக்கல்.

பெட்ரோல்தான் வரவில்லை என்று நினைத்து ஃபில்டரை மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பிளக், காயில், கண்டென்சர் எல்லாம் புதிது. ஆறு நாள் வீண்.

கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டுபோகும் வேக்குவம் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத் துளையை அடைத்து ஓட்டினேன். விக்கல் போயே போச்சு! லேசான மிதியில்தான் வேக்குவம் அதிகம். அந்த இழுப்பில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு சற்றுத் திரும்பும். அந்தத் தட்டுக்குப் போகும் குட்டி ஒயர், உறைக்குள்ளேயே அறுந்து, ஒன்றிரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே பார்த்தால் புதுசு போல! மல்டிமீட்டரும் முதலில் சரி என்றே காட்டியது. குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் தட்டை அசைத்த பிறகுதான் முள் துள்ளியது.

மாற்று ஒயர் மெல்லிய பல இழைகள் கொண்டதாக, துவண்டு கொடுப்பதாக இருக்க வேண்டும். சாதாரண ஒயர் விறைப்பாக நின்று தட்டை நகர விடாது. முதலில் அதைப் போட்டு நானும் ஏமாந்தேன். தட்டின் எர்த் ஒயரையும் கையோடு மாற்றிவிட்டேன். மூன்று மாதமாக ஒரு விக்கல் இல்லை.