மௌனப்பட கால நடிகர்-இயக்குநரின் படப்பட்டியலைத் தொகுப்பது எப்படி?

ராவுல் வால்ஷை எடுத்துக்கொள்வோம். 1915-ல் 'த பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தில் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத்தாக நடித்தார். அதே ஆண்டு ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக 'ரீஜெனரேஷன்' படத்தை இயக்கினார். இப்படி இரண்டு வேலையும் பார்த்தவர்களின் பட்டியலில்தான் குளறுபடி அதிகம்.

முதலில் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். வால்ஷின் இயற்பெயர் ஆல்பர்ட் எட்வர்ட். ஆரம்பகாலப் படங்களில் 'ஆர். ஏ. வால்ஷ்' என்றே வரும். 'ராவுல்' என்று மட்டும் தேடினால் பல பதிவுகள் நழுவும். வெறும் 'வால்ஷ்' என்றால், நடிகரான தம்பி ஜார்ஜ் வால்ஷும் சேர்ந்து குவிவார்.

அடுத்து, லான்டர்ன் தேடுதளம். 'மூவிங் பிக்சர் வேர்ல்ட்' போன்ற அக்கால வணிக இதழ்களின் ஸ்கேன் பிரதிகளில் இலவசமாகத் தேடலாம். மங்கிய அச்சைக் கணினி தப்பாக வாசித்திருக்கும். எனவே படத்தின் பெயர், நாயகியின் பெயர் என்று மாற்றி மாற்றித் தேடி, பக்கத்தின் படத்தையே கண்ணால் பாருங்கள். அறிவிப்பை மட்டும் வைத்துப் படத்தைச் சேர்க்காதீர்கள். தலைப்பு மாறியிருக்கும், படமே கைவிடப்பட்டிருக்கும். வெளியீட்டுத் தேதியோ விமர்சனமோ கிடைத்தால்தான் பட்டியலில் இடம்.

படத்தின் நீளத்தை நிமிடக் கணக்கில் எழுதாமல் அடிக் கணக்கில் எழுதுங்கள். ஒரு ரீல் சுமார் 1,000 அடி. 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். அந்த ஒரே ரீல் நொடிக்கு 16 ஃபிரேமில் ஓடினால் 16 நிமிடம் 40 நொடி. 24-ல் ஓடினால் 11 நிமிடம் சொச்சம். ஒரே படத்துக்கு இடத்துக்கு இடம் வேறு நேரம் போட்டிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெட்டுப்பட்ட பிரதி இன்னொன்று.

பிரதி இருக்கிறதா என்ற கட்டம் கட்டாயம் வேண்டும். அமெரிக்க மௌன முழுநீளப் படங்களில் அசல் வடிவில் தப்பியவை சுமார் 14 சதவீதம்தான் என்கிறது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 2013 அறிக்கை. 'உண்டு', 'இல்லை' இரண்டும் போதாது, 'குறை' என்றும் ஒன்று வையுங்கள். வால்ஷ் இயக்கி, குளோரியா ஸ்வான்சனுடன் நடித்த 'சேடி தாம்ப்சன்' (1928) படத்தின் கடைசி ரீல் இல்லை. புகைப்படங்களை வைத்துத்தான் ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

நடிப்பு, இயக்கம் இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் பதியுங்கள். 'இன் ஓல்ட் அரிசோனா' படத்தில் வால்ஷே நாயகன், அவரே இயக்குநர் என்பதுதான் ஏற்பாடு. கார் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்த காட்டுமுயலால் வால்ஷின் வலது கண் போனது. நாயகன் வேடம் வார்னர் பாக்ஸ்டருக்குப் போய் அவருக்கு ஆஸ்கரும் கிடைத்தது. இயக்குநர் பெயரை இர்விங் கம்மிங்ஸும் பகிர்ந்துகொண்டார். நாயகன் கட்டத்தில் பாக்ஸ்டர், இயக்கத்தில் இருவர், விபத்து குறிப்பில்.

வால்ஷின் சுயசரிதை 1974-ல் வந்தது. படிக்க ருசிதான், ஆனால் தேதிக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.