எங்கே உட்கார்ந்திருக்கிறார், எந்தக் கிளைக்காரர்: ரெண்டையும் குழப்பாதீங்க

தலைமை அலுவலகம் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில், குடோன் கங்கைகொண்டானில், கிளைகள் தென்காசியிலும் வள்ளியூரிலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளப் பட்டியல் வண்ணாரப்பேட்டையில் மட்டும் திறக்க வேண்டும், இருப்புக் கணக்கு குடோனிலும் தெரிய வேண்டும், லீவு விண்ணப்பம் எங்கிருந்தும் போடலாம். சரி, இதை இன்ட்ராநெட்டில் (அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் இணையதளத்தில்) எப்படிச் செய்வது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒருவர் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அவருடைய கம்ப்யூட்டருக்கு உள்ள எண்) சொல்லும். அவர் எந்தக் கிளைக்காரர் என்பதை அது சொல்லாது, அதை லாகின் கணக்கில் குழுவாகப் போட்டு வைக்க வேண்டும். வள்ளியூர் மேனேஜர் ஒருநாள் தென்காசியில் வந்து உட்கார்ந்தால் அவருக்கு வள்ளியூர் கணக்கு தெரியலாமா? இதை நீங்களாக முடிவு பண்ணாதீர்கள், முதலாளியிடம் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் முகவரி. கிளைக்கு ஒரு ஐபி முகவரித் தொகுதி: வண்ணாரப்பேட்டைக்கு 10.10.1.0/24, குடோனுக்கு 10.10.2.0/24, தென்காசிக்கு 10.10.3.0/24, வள்ளியூருக்கு 10.10.4.0/24. ஒவ்வொன்றிலும் 254 முகவரி கிடைக்கும், தாராளம். விருந்தாளி வைஃபைக்குத் தனித் தொகுதி. 192.168.1 என்று தொடங்குவது மட்டும் வேண்டாம், எத்தனையோ வீட்டு ரவுட்டர்கள் அதே முகவரியோடுதான் வருகின்றன, நாளைக்கு வீட்டிலிருந்து விபிஎன் (இணையத்தின் வழியே அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் பாதுகாப்பான பாதை) போடும்போது இரண்டும் மோதிக்கொள்ளும். கிளைகளைச் சைட்-டு-சைட் விபிஎன்னில் இணைக்கும்போது நடுவில் நேட் (முகவரியை மாற்றி அனுப்பும் வசதி) போடாதீர்கள். போட்டால் கிளையின் சொந்த முகவரி சர்வருக்குத் தெரியாமல் போய்விடும்.

வெப் சர்வராக என்ஜின்எக்ஸ் வைத்திருந்தால் சம்பளப் பக்கத்துக்கு 10.10.1.0/24 தொகுதியை 'அலோ' (அனுமதி) செய்து, அதற்குக் கீழே 'டினை ஆல்' (எல்லாரையும் தடு) போடுங்கள். விதிகளை அது மேலிருந்து கீழே படிக்கும், பொருந்திய முதல் வரியோடு நின்றுவிடும், அதனால் 'டினை ஆல்' மேலே போனால் எல்லாருக்கும் கதவு மூடிவிடும். 'சாட்டிஸ்ஃபை எனி' என்று எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள், அது இருந்தால் முகவரி சரியாக இருந்தாலே போதும், பாஸ்வேர்டு கேட்காது. சர்வரில் ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி) திறந்திருந்தால் அதற்கும் விதி எழுத வேண்டும்.

இனிச் சொல்வதுதான் நான் அடிபட்டுக் கற்றது. ஓர் அலுவலகத்தில் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது, பிறகு சர்வருக்கு முன்னால் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி (வரும் கோரிக்கைகளை வாங்கிச் சர்வருக்கு அனுப்பும் இடையாள்) வைத்தோம். கொஞ்ச நாள் கழித்து வருகைப் பதிவான லாகைத் திறந்தால் வரிக்கு வரி 10.10.1.5, அது ப்ராக்ஸியின் முகவரி. எந்தக் கிளையிலிருந்து யார் வந்தாலும் சர்வர் கண்ணுக்குத் தலைமை அலுவலக ஆள்தான், சம்பளப் பட்டியல் எல்லாக் கிளைக்கும் திறந்து கிடந்திருக்கிறது. ப்ராக்ஸி வைத்தால் உண்மையான முகவரி 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' என்ற ஹெடரில் (கோரிக்கையோடு வரும் குறிப்பு வரியில்) வரும், ஆனால் அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதி அனுப்பலாம், ஆகவே உங்கள் ப்ராக்ஸி முகவரியிலிருந்து வந்தால் மட்டும் நம்பும்படி அமையுங்கள்.

ஐபியை வைத்து ஊர் சொல்லும் டேட்டாபேஸ் இதற்கு ஆகாது. மேலப்பாளையத்தில் மொபைல் டேட்டாவில் இருப்பவரைப் பல சமயம் சென்னை என்று காட்டும்.

2023 டிசம்பர் 17, 18 மழை நினைவிருக்கும், தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பக்கம் தண்ணீர் நின்றது. அப்படி ஒரு நாளில் 'அலுவலகத்தில் மட்டும்' என்று பூட்டிவைத்தால் சம்பளம் போட ஆளிருக்காது. அதனால் கணக்குப் பிரிவில் இரண்டு பேருக்கு வயர்கார்டு விபிஎன் கொடுத்து, ஆளுக்கொரு நிலையான முகவரி ஒதுக்குங்கள். அந்த முகவரிகளுக்கான விதியை எழுதித் தயாராக வையுங்கள், தேவைப்படும் நாளில் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடலாம்.

கடைசியில் சோதனை. அட்மின் கணக்கில் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். தென்காசிக்கே போய், அங்கே வேலை பார்க்கும் ஒருவரைச் சொந்தக் கணக்கில் சம்பளப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள், 403 ('அனுமதி இல்லை' என்ற பதில்) வர வேண்டும். அதே ஆள் லீவு விண்ணப்பத்தைத் திறந்தால் ஒழுங்காகத் திறக்க வேண்டும்.