வீட்ல ஒருத்தருக்கு சீலியாக்னா மத்தவங்க வயித்தையும் கவனிங்க

சீலியாக்ங்கிறது கோதுமை மாதிரி தானியங்கள்ல இருக்குற குளூட்டன்ங்கிற புரதத்தால சிறுகுடல் பாதிக்கப்படுற நோய். சீலியாக்னாலே லூஸ் மோஷன்தான்னு நெனச்சுட்டு இருப்போம், ஆனா நெறைய பேருக்கு, அதுவும் குழந்தைங்களுக்கு, நேர்மாறா மலச்சிக்கல் வரும், வாழப்பழம் குடுத்தே வருஷக்கணக்கா ஓட்டிடுவாங்க. அப்புறம் சாப்ட்டதும் வயிறு பலூன் மாதிரி உப்புறது, நெஞ்செரிச்சல், புதுசா பால் ஒத்துக்காம போறது, மலம் எண்ணெய்ப்பசையா மிதக்குறது, ஃப்ளஷ் பண்ணாலும் போகாம நிக்கிறது, திரும்பத் திரும்ப வாய்ப்புண்ணு. "எங்க பரம்பரைக்கே கேஸ் டிரபிள்"னு சொல்ற வீடா இருந்தா தயவுசெஞ்சு அப்டியே விட்றாதீங்க, சீலியாக் இருக்குறவரோட பெத்தவங்க, கூடப்பொறந்தவங்க, பிள்ளைங்கள்ல சுமாரா 10 பேர்ல ஒருத்தருக்கு இது இருக்கலாம். ரெண்டு வாரம் யாருக்கு என்ன பண்ணுதுன்னு நோட்ல எழுதுங்க, டாக்டர்கிட்ட காட்டி சீலியாக் இருக்கான்னு பாக்குற டிடிஜி ஐஜிஏ (tTG-IgA) ரத்த டெஸ்ட், கூடவே ஐஜிஏங்கிற எதிர்ப்புப்பொருளோட மொத்த அளவும் கேளுங்க. முக்கியமா டெஸ்ட்டெல்லாம் முடியுறவரைக்கும் சப்பாத்தி, ரவைய நீங்களா நிறுத்திடாதீங்க, நோய் இருந்தும் ரிசல்ட் நெகடிவ்னு வந்துடலாம்.