மோசமான புத்தகத்தை ரசிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யார் வீட்டுப் புத்தக அலமாரியையும் திறந்து பாருங்கள். முன்வரிசையில் திருக்குறள் உரை, பள்ளியில் பரிசாகக் கிடைத்த பாரதியார் கவிதைகள், யாரோ ஒரு டத்தோ தலைமையில் வெளியீடு கண்ட நூல் ஒன்றிரண்டு. அதற்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், அட்டை கிழிந்த மாத நாவல்கள் படுத்திருக்கும். விருந்தாளிக்கு முன்வரிசை, மத்தியான வெயிலுக்குப் பின்வரிசை. முதுகு மடங்கி, ஓரம் கறுத்து, குழம்புக் கறை படிந்து கிடப்பவை எல்லாம் பின்னால் இருப்பவைதான். எது உண்மையில் படிக்கப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இப்படி ஒளித்து வைப்பதே முதல் தவறு. ஒழுக்கப் பாடம் நடத்த இதைச் சொல்லவில்லை. ஒளித்தால் ரசனையில் பாதி போய்விடுகிறது. நல்ல நாவலைத் தனியாகப் படிக்கலாம். மோசமான நாவலுக்குக் கூட்டம் வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் ஒரு புத்தகம் ஏழெட்டு வீடு சுற்றிய காலத்தில், எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். கீரை ஆய்ந்துகொண்டே கேட்கிற இன்னொருவர் குறுக்கே பாய்வார்: “ஏம்மா, இவன் மூணாவது அத்தியாயத்துலயே செத்துட்டானே, இப்ப எப்படி வந்து காப்பி குடிக்கிறான்?” எழுத்தாளருக்கு மறந்துபோனது கேட்பவருக்கு மறக்கவில்லை. அந்தக் கேள்விக்கு எழும் சிரிப்பு புத்தகத்தில் அச்சாகவில்லை, ஆனால் புத்தகம் இல்லாமல் அது வந்திருக்காது.

ஆக்ஸ்ஃபோர்டிலும் இதே விளையாட்டு நடந்திருக்கிறது. டோல்கீன், சி. எஸ். லூயிஸ் இருந்த நண்பர் வட்டம், அயர்லாந்தின் அமண்டா மெக்கிட்ரிக் ராஸ் எழுதிய நாவல்களை உரக்கப் படித்துப் போட்டி வைத்தது. சிரிக்காமல் அதிக நேரம் படிப்பவரே வென்றவர். ராஸின் முதல் நாவல் 1897-இல் வந்தது. பத்தாவது திருமண நாளுக்குப் பரிசாக அவர் கணவர் காசு போட்டு அச்சிட்டது. வாக்கியத்துக்கு வாக்கியம் அலங்காரம் முற்றிய எழுத்து அது. பேராசிரியர்கள் அதைப் பின்வரிசையில் ஒளிக்கவில்லை, மேசைமேல் வைத்துக் கொண்டாடினார்கள்.

இரண்டாவது தவறு, மலிவான தாளில் வந்ததையெல்லாம் மோசமான எழுத்து என்று ஒரே மூட்டையில் கட்டுவது. ராஜேஷ்குமார் 1500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். கைத்திறன் இல்லாமல் இத்தனை எழுதித் தள்ளவும் முடியாது, இத்தனை ஆண்டு வாசகரைப் பிடித்து வைக்கவும் முடியாது. பக்க அளவு முன்கூட்டியே தீர்மானமாகிவிட்ட புத்தகம், முதல் பக்கத்திலேயே பிணம் விழ வேண்டும், பேருந்தில் ஏறியவர் இறங்குமுன் முடிச்சு இறுக வேண்டும். இந்த நிபந்தனைகளுக்குள் எழுதுவது ஒரு தொழில். அதில் சொற்கள் பூப்பூவாக இல்லை என்று குறை சொல்பவர் பொருந்தாத அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு முன் ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலத்தின் ரெயினால்ட்ஸ் கதைகளைத் தழுவித் தழுவி எழுதியபோதும் இதே ஏச்சுதான் விழுந்தது. இன்று அந்த நாவல்கள் ஆய்வேடுகளுக்குப் பொருள். 2008-இல் சென்னையில் ஒரு பதிப்பகம் தமிழ் மாத நாவல் உலகத்திலிருந்து தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பே கொண்டுவந்தது.

1945-இல் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு கட்டுரையில் ‘நல்ல மோசமான புத்தகம்’ என்றொரு வகையைப் பேசினார். அந்தப் பெயரை வைத்தவர் எழுத்தாளர் செஸ்டர்டன். இலக்கியம் என்ற பந்தா இல்லாமலே, கனமான நூல்கள் உதிர்ந்துபோன பிறகும் படிக்கத் தகுந்ததாக நிற்பவை. உங்கள் பின்வரிசையிலும் இப்படிச் சில இருக்கும். வேகம் உண்டு, நடை இல்லை. சில புத்தகங்களில் நடையும் இல்லை, வேகமும் இல்லை, ஆனால் எழுதியவரின் ஆவேசம் இருக்கும். ஆவேசம்கூட இல்லாதது, வெறுமனே சலிப்பூட்டுவது. அதைப் பாதியில் மூடிவிடுங்கள், காசு கொடுத்தோமே என்று முடிக்க உட்காராதீர்கள்.

இனி எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிற தவறு. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று பார்க்காமல் சிரிப்பது.

நம் ஊர் நூல் வெளியீடுகளுக்குப் போயிருப்பீர்கள். குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, நூலைத் திறந்தே பார்க்காதவரின் நூல் ஆய்வு, முதல் நூலைப் பெரிய தொகைக்கு வாங்கும் பிரமுகர், வரிசையில் நின்று ஐம்பது வெள்ளி உறையைக் கொடுத்து ஆளுக்கொரு பிரதி வாங்கும் உறவினர், கடைசியில் மீகூன், கறிப்பாப். எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ தோட்டத்தில் கணக்கெழுதிய முன்னாள் கிராணியாகவோ இருப்பார். சேமிப்பை எடுத்து அச்சடித்திருப்பார். வீட்டுக்கு வந்து புரட்டினால், தோட்டத்து ஆட்கள் விடியற்காலையில் கூடும் பெரட்டுக் களத்தில், ரப்பர் பால் வெட்டும் பெண் தன் புருஷனிடம், “அன்பரே, கதிரவன் உதிக்குமுன் கடமையாற்றப் புறப்படுவோம்” என்கிறாள். சிரிப்பு வரத்தான் செய்யும். வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அடக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது வேறு காரியம். ராஸ் தன்னை மேதை என்று முழுதாக நம்பியவர், விமர்சகர்களைத் திருப்பித் திட்டி எழுதியவர். கிண்டல் அவரை அசைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் விற்கும் நாவலாசிரியரையும் உங்கள் கிண்டல் ஒன்றும் செய்யாது. இந்த மனிதரோ நாளைக்குப் பாசாரில் மீன் வாங்கும்போது உங்கள் எதிரில் வருவார். சில நூறு பிரதி போட்டு, பாதிக்கு மேல் வீட்டுக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பவர். அவர் அடுத்த புத்தகம் எழுதாமல் போனால் இழப்பு நமக்கு.

இழப்பு என்று சும்மா சொல்லவில்லை. அதே புத்தகத்தில் இன்னும் நாற்பது பக்கம் தள்ளினால், மேடைத் தமிழ் ஓய்ந்த ஓர் இடத்தில், மழைநாள் வரும். பட்டை நனைந்துவிட்டது, வெட்டினால் பால் கோட்டில் இறங்காமல் வழிந்துவிடும், பால் பிடிக்கும் மங்குகளில் தண்ணீர். வேலை இல்லை, ஆகவே அன்றைக்குக் கூலியும் இல்லை. முந்தின நாள் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் நிறுவைக்குப் போவாள், கிராணி எடையைக் குறைத்து எழுதுவதை முழுதாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எழுதியவர் கிராணியாக இருந்தவர் என்றால் அந்தப் பத்தியை இன்னொருமுறை படிப்பீர்கள். கித்தா என்கிற ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிந்து, நிறுவைக் கொட்டகை இருந்த இடம் தெரியாமல் போன பிறகு, இந்த மாதிரி விவரம் கிடைக்கிற இடம் இப்படிப்பட்ட மோசமான நாவல்தான். தேர்ந்த எழுத்தாளர் பலருக்கு எடைத் தராசின் பக்கம் போன அனுபவம் கிடையாது.

இதற்கு எதிர்முனையிலும் ஒரு தவறு காத்திருக்கிறது: மேடையில் ‘காலத்தை வென்று நிற்கும் காவியம்’ என்று புளுகுவது. அதைக் கேட்டு அவர் அன்பரே பாணியிலேயே இரண்டாம் பாகம் எழுதிவிடுவார். திருத்திச் சொல்கிற பழக்கம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1950-இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். பிறகு கு. அழகிரிசாமி அதே நாளிதழுக்கு ஆசிரியராக வந்து, கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் கூட்டி இளைஞர்களின் எழுத்தைப் பேசினார். வீட்டுக்குப் போய், ஒரு தேநீரோடு, “சார், அந்த மழைநாள் அத்தியாயம் மாதிரியே மத்ததும் இருந்திருக்கலாம்” என்று சொன்னால் போதும். எந்தப் பக்கம் என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, நடையின் ஓட்டையைப் பிடித்துவிட்டு எண்ணத்தின் ஓட்டையை விட்டுவிடுவது. தமிழ்நாட்டிலிருந்து வரும் சில நாவல்களில் கதாநாயகன் கோலாலம்பூரிலிருந்து காரில் கிளம்பி, ஒரு பாட்டு முடிவதற்குள் பினாங்கில் இறங்கிவிடுவான். சுமார் 350 கிலோமீட்டர். நம்மவர்கள் இதை விடமாட்டார்கள். “ஹைவேல ஒரு டோல்கூட இல்லையா?” என்று சிரிப்பார்கள். அதே புத்தகத்தில் அவன், வேண்டாம் என்றவளைக் கடத்திப் போய்த் தாலி கட்டுகிறான், அறைகிறான், கடைசி அத்தியாயத்தில் அவள் அவன் காலடியில் அழுகிறாள். அதற்கு யாரும் டோல் கேட்பதில்லை. வாக்கியம் கோணலாக இருந்தால் மூளை விழித்துக்கொள்கிறது, கருத்து கோணலாக இருந்தால் பழக்க தோஷத்தில் தாண்டிப்போகிறது. கறுப்பானவள் என்றால் சோகம், தோட்டத்து ஆள் என்றால் குடிகாரன் அல்லது குண்டர் கும்பல் என்பதும் இப்படித்தான் உள்ளே இறங்குகிறது. இந்த நாவல்களை விட்டுவிடச் சொல்லவில்லை, எனக்கும் அவை பிடிக்கும். உரக்கப் படிக்கிற கூட்டம் இங்கேயும் உதவும். கடத்தல் காட்சியைப் பத்துப் பெண்கள் முன்னால் உரக்கப் படித்துப் பாருங்கள், அவர்களே கணக்கைத் தீர்த்துவிடுவார்கள்.

மருந்துக் குறிப்பு, ராசிபலன், ஒரே மாதத்தில் பணக்காரராகும் வழி ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை மோசமாக எழுதப்பட்டிருப்பதில் வேடிக்கை இருக்கலாம். யாராவது ஒருவர் அதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுவார்.

பெற்றோர் செய்யும் தவறு ஒன்று இந்த நாட்டுக்கே உரியது. தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிகிறது. அதற்குமேல் தமிழில் பாடம் நடத்தும் இடைநிலைப்பள்ளி இங்கே கிடையாது, தமிழ் ஒரு பாடமாக மட்டுமே தொடர்கிறது, அதுவும் எல்லாப் பள்ளியிலும் ஒழுங்காக நடப்பதில்லை. பதின்மூன்று வயதுப் பெண் தானாக விரும்பி இருநூறு பக்கம் தமிழில் படிக்கிறாள் என்றால், அது எப்படிப்பட்ட காதல் கதையாக இருந்தாலும் கையிலிருந்து பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அவள் அடுத்து மு. வரதராசனாரை எடுக்கப்போவதில்லை, கைப்பேசியை எடுப்பாள். நீங்களும் அதே புத்தகத்தைப் படித்துவிட்டு, அந்தக் கடத்தல் காட்சியைப் பற்றி அவளிடம் சண்டை போடுங்கள்.

மோசமானதை ரசித்தால் நல்ல ரசனை கெட்டுவிடும் என்ற பயம் பலருக்கு. ஃபிராங்க்பர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இருவர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, மட்டரகப் படங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் சராசரிக்கு மேல் படித்தவர்கள், உயர்ந்த கலைகளிலும் நாட்டம் உள்ளவர்கள் என்கிறது. அது படங்களைப் பற்றியது, புத்தகங்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும், கெட்ட வாக்கியத்தைப் பார்த்துச் சிரிக்க முடிகிறவருக்கு நல்ல வாக்கியம் எப்படி இருக்கும் என்று ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். ஆபத்து, அதை மட்டுமே படிப்பவருக்கு. எதுவும் உறைக்காமல் போய்விடும், அப்புறம் சிரிப்பும் வராது.

கடைசியாக, வீடு கழுவும்போது நடக்கும் தவறு. தீபாவளிக்கு முன் பழைய தாள் வாங்கும் ‘பேப்பர் லாமா’ லாரி ஒலிபெருக்கியோடு தாமானுக்குள் வரும், பின்வரிசை மொத்தமும் கிலோ கணக்கில் போய்விடும். முன்வரிசைத் திருக்குறள் எந்தக் கடையிலும் கிடைக்கும். எண்பதுகளின் மாத நாவலும், ஊர்க்காரர் அச்சடித்த நாவலும் மறுபடி கிடைக்காது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் மற்றவர் குப்பை என்று ஒதுக்கிய அச்சுத் தாள்களையும் சேர்த்துச் சேர்த்து வைத்தார், அந்தச் சேகரிப்பில்தான் 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. லாரியில் ஏற்றுமுன் ஒவ்வொன்றையும் ஒருமுறை உதறிப் பாருங்கள். முதல் பக்கத்தில் தோட்டத்து வாசகசாலை முத்திரை இருக்கிறதா, ஓரத்தில் யாராவது பென்சிலில் எதையாவது கிறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் எடுத்து வையுங்கள். செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். நம் ஊர் ஈரத்துக்கு, சுவரை ஒட்டாத மேல்தட்டில் வைப்பது நல்லது.