பாடலில் கேட்ட கீபோர்டு ஒலியை நாமே உருவாக்குவது எப்படி

பிடித்த பாடலில் வரும் கீபோர்டு ஒலியை வாசிக்க விரும்பும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, கருவியில் முன்கூட்டியே அமைத்து வைத்துள்ள நூற்றுக்கணக்கான ஒலிகளை, அதாவது பிரீசெட்களை, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதுதான். பத்தாவது பிரீசெட்டைத் தாண்டுவதற்குள் மூல ஒலி எப்படி இருந்தது என்பதே காதிலிருந்து நழுவிவிடும் என்பதால், இதை நான் பரிந்துரைப்பதில்லை. மாறாக, அந்தக் கீபோர்டு கூடியவரை தனியாக ஒலிக்கும் நான்கைந்து விநாடிகளைப் பாடலின் தொடக்கத்திலோ இடையிசையிலோ கண்டுபிடித்து, அதை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஹெட்போனில் கேட்க வேண்டும்.

கேட்கும்போது எழுப்ப வேண்டிய முதல் கேள்வி, கட்டையை அழுத்தியபடியே வைத்திருந்தால் ஒலி தேய்ந்து மறைகிறதா, அல்லது அதே அளவில் நிற்கிறதா என்பது. தேய்ந்து மறைந்தால் அது பியானோ, எலக்ட்ரிக் பியானோ, கிளாவினெட் போன்று தட்டி எழுப்பப்படும் ஒலியாகவோ அதைப் போலச் செய்த ஒலியாகவோ இருக்கும். நின்றால் ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ் (வயலின் குழு போன்ற ஒலி), பேட் (பின்னணியில் படர்ந்து நிற்கும் நீண்ட ஒலி) ஆகியவற்றின் பக்கம் தேட வேண்டும். அழுத்தி வாசிக்கும் இடங்களில் மட்டும் சற்றே உறுமி, மென்மையாக வாசிக்கும் இடங்களில் மணிபோல் ஒலித்தால் அது ரோட்ஸ் வகை எலக்ட்ரிக் பியானோவாக இருக்கக்கூடும். ஹேமண்ட் ஆர்கன் என்று தோன்றினால், ஒலிக்கலவையை அமைக்கும் இழுப்புக் கட்டைகளான 9 டிராபார்களில் முதல் மூன்றை முழுவதும் இழுத்து, மற்றவற்றை உள்ளே தள்ளி வைத்துத் தொடங்கலாம். அதில் கேட்கும் சுழற்சி ஆர்கனுடையது அன்று, லெஸ்லி என்னும் சுழலும் ஒலிபெருக்கியுடையது. ஆகவே அந்த எஃபெக்டையும் சேர்த்தால்தான் ஒலி அடையாளம் பெறும்.

பாடல் வெளிவந்த ஆண்டும் நல்ல துப்புத் தரும். கண்ணாடித் தன்மை கொண்ட எலக்ட்ரிக் பியானோ ஒலியைப் பரவலாக்கிய யமஹா டிஎக்ஸ்7 என்னும் சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி) வெளிவந்தது 1983இல். நடன இசையில் பெயர்பெற்ற பியானோ ஒலியைத் தந்த கோர்க் எம்1 வந்தது 1988இல். எனவே 1975ஆம் ஆண்டுப் பாடலில் இவற்றைத் தேடிப் பயனில்லை. டிஎக்ஸ்7, ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை மாற்றி ஒலி உருவாக்கும் எஃப்எம் முறையில் இயங்குவதால், அதன் மணியோசையை, ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டி உருவம் தரும் சாதாரண ஃபில்டர் சிந்தசைசரில் எட்டிப்பிடிப்பது கடினம். அதற்கு டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருளை நாடுவது எளிது.

சிந்தசைசர் ஒலி என்று தெளிவானால், பிரீசெட்டை விட்டுவிட்டு எந்த எஃபெக்டும் இல்லாத வெற்று ஒலியிலிருந்து தொடங்குங்கள். அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளான சீரிசைகள் எல்லாம் நிறைந்த ரம்பப்பல் அலை பித்தளைக் கருவிகளையும் ஸ்ட்ரிங்ஸையும் நினைவூட்டும். ஒற்றைப்படைச் சீரிசைகள் மட்டுமே கொண்ட சதுர அலை உள்ளீடற்ற குழலின் தன்மையோடு ஒலிக்கும். ஒலி தடித்து அலைவதுபோல் கேட்டால், அலையை உருவாக்கும் ஆசிலேட்டர்கள் இரண்டை எடுத்து ஒன்றை 5 முதல் 10 சென்ட் வரை விலக்கி வையுங்கள். அரைச்சுரம் ஒன்று 100 சென்ட் என்பதால் இது மிகச் சிறிய விலகல்தான்.

அடுத்து ஃபில்டரைத் தொடத் தோன்றும். ஆனால் ஒலி எழுந்து அடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் என்வலப்பை முதலில் சரிசெய்வதே நல்லது. காது ஒரு கருவியை இனங்காண்பதில் ஒலியின் தொடக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1948இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஷாஃபர் மணியோசையின் தொடக்கத்தை மட்டும் நீக்கிக் கேட்டபோது அது மணியாகவே தோன்றவில்லை. ஆகவே ஒலி சட்டென்று எழுகிறதா, மெல்ல மலர்கிறதா என்று கவனித்து அட்டாக்கையும், கையெடுத்த பின் எவ்வளவு நேரம் நீள்கிறது என்று கவனித்து ரிலீஸையும் அமைத்த பிறகு, ஃபில்டர் எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெட்டும் என்பதைக் குறிக்கும் கட்ஆஃபை முழுவதும் மூடி, பாடலின் பிரகாசத்தை எட்டும்வரை மெதுவாகத் திறக்க வேண்டும். ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் பிரகாசம் கூடிப் பின் மங்கினால், ஃபில்டருக்கும் தனி என்வலப் தேவை என்று பொருள்.

ரிவர்பையும் (அறை முழக்கம்) டிலேயையும் (எதிரொலி) கடைசியில் சேருங்கள். டிலே நேரத்தைக் கணக்கிட ஒரு நிமிடத்திலுள்ள 60,000 மில்லி விநாடியைப் பாடலின் வேகத்தால் வகுத்தால் போதும்: நிமிடத்துக்கு 120 தட்டுகள் கொண்ட பாடலில் ஒரு தட்டு 500 மில்லி விநாடி, முக்கால் தட்டு 375 மில்லி விநாடி.

இவ்வளவுக்குப் பிறகும் பொருந்தவில்லை என்றால், குறை பெரும்பாலும் ஒலியில் இருக்காது, வாசிப்பில் இருக்கும். ஒரே கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரத்தொகுப்பை) ஓர் ஆக்டேவ் தள்ளியோ, சுரங்களை வேறு வரிசையில் அடுக்கியோ வாசித்தால் மிகச் சரியான ஒலிகூட அன்னியமாகிவிடும். ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சமமாக வைக்க மறக்காதீர்கள், ஏனெனில் உரக்க ஒலிப்பதே சிறந்தது என்று காது எளிதில் ஏமாறும். தனியாகக் கேட்கையில் உங்கள் ஒலி பாடலில் உள்ளதைவிடக் கனமாகத் தோன்றினால், பேஸ் கிட்டாருக்கு இடம்விடுவதற்காக மூலத்தில் கீழ் அதிர்வெண்களைக் குறைத்திருக்கலாம். நீங்களும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே சற்றுக் குறைத்து, பாடலோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள்.