வெளிநாட்டில் படிக்கும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் என்னதான் பேசுவது?

வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்புகிறவர்கள் விசா, வங்கிக் கணக்கு, குளிருக்கான ஜாக்கெட் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறார்கள். பக்கத்து சீட்டில் வந்து உட்காருபவரிடம் என்ன பேசுவது என்பது மட்டும் எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. மொழி வந்துவிட்டால் பேச்சும் கூடவே வந்துவிடும் என்ற நினைப்புதான் காரணம். அப்படி வராது. மொழித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட காபி மெஷின் முன்னால் ஒரு "ஹாய்" சொல்லிவிட்டு உடனே போனை எடுத்துக் குனிந்துகொள்கிறார்கள்.

முதல் வாக்கியத்தைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிகிற எதுவும் போதும். புரொஜெக்டர் மறுபடியும் மக்கர் பண்ணுகிறதா, நேற்று கொடுத்த அசைன்மென்ட்டில் மூன்றாவது கேள்வி யாருக்காவது புரிந்ததா, அவ்வளவுதான். வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் உட்காருங்கள். வகுப்பு முடிந்த பிறகு எல்லோரும் ஓட்டத்தில் இருப்பார்கள், தொடங்கும் முன்தான் யாருக்கும் வேலை இருக்காது.

உண்மையான விஷயம் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறீர்கள்:

"வீக்கெண்ட் எப்படிப் போச்சு?"

"பரவாயில்லை. அக்கா வீடு மாறினாங்க, சாமான் தூக்கிக் கொடுக்கப் போயிருந்தேன்."

இந்த இடத்தில் பெரும்பாலானோர் "ஓ, சூப்பர், நான் வீட்லயே இருந்தேன்" என்று சொல்லிப் பேச்சைச் சாகடித்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக "எத்தனாவது மாடி?" என்று கேட்டுப் பாருங்கள்.

"நாலாவது. லிஃப்ட் கிடையாது. சோஃபா படிக்கட்டு வளைவுல மாட்டிக்கிச்சு, மேலயும் போகலை, கீழயும் வரலை."

இப்போது உங்களுக்குச் சிரிக்க ஒன்று இருக்கிறது, அவருக்குச் சொல்ல இன்னும் பத்து நிமிடக் கதை இருக்கிறது, நீங்கள் பேசியதோ இரண்டே வார்த்தை. மொழி தடுமாறுகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதையே சொல்கிறது: சொன்னதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்பவர்களை எதிரில் இருப்பவருக்கு அதிகம் பிடிக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒரு ஆள் என்று மாறி மாறிச் சந்திக்கும் டேட்டிங் நிகழ்ச்சிகளின் பேச்சையும் அலசினார்கள், அங்கேயும் அப்படிக் கேட்டவர்களைத்தான் மறுபடி சந்திக்கப் பலர் சம்மதித்தார்கள். ஆனால் கேள்வி மேல் கேள்வியாக அடுக்கினால் போலீஸ் விசாரணை ஆகிவிடும். இரண்டு கேள்விக்கு ஒரு தடவை உங்கள் பக்கத்திலிருந்தும் ஏதாவது சொல்லுங்கள்.

அப்புறம், அந்த அக்காவின் சோஃபாவை மறக்காதீர்கள். வியாழக்கிழமை பார்க்கும்போது "கடைசியில் அது உள்ளே போச்சா?" என்று கேட்டால் போதும், அந்த வாரம் நீங்கள் வேறு எதுவும் பேச வேண்டியதில்லை.

கூட்டமாக நான்கைந்து பேர் பேசும்போதுதான் கஷ்டம். ஒரு வாக்கியத்தை மனதில் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டிருக்கும். இதற்கு உங்கள் கூச்சம் மட்டும் காரணமில்லை. ஜப்பானியம், டேனிஷ், லாவோ உட்பட பத்து மொழிகளை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2009-இல் வந்தது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே விழும் இடைவெளி சராசரியாக ஏறத்தாழ 200 மில்லி நொடிதானாம், அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. பிறந்ததிலிருந்து பேசும் மொழியில் அடுத்தவர் எப்போது முடிப்பார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், கற்றுக்கொண்ட மொழியில் அந்த உள்ளுணர்வு வர நாளாகும். அதுவரை முழு வாக்கியத்துக்குக் காத்திருக்க வேண்டாம். "இல்லை, நிஜமாவா?", "அதே மாதிரிதான் எனக்கும்" என்று முன்னால் ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள், எல்லோரும் உங்கள் பக்கம் திரும்புவார்கள், மிச்சத்தை நிதானமாகச் சொல்லலாம். பேச்சு தாண்டிப் போய்விட்டால் "முன்னாடி சொன்னதுக்கே திரும்ப வர்றேன்" என்று தாராளமாக இழுத்து வரலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஜோக் புரியவில்லையா, புரிந்த மாதிரி சிரிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேளுங்கள். விளக்கும் சாக்கில் அவரோடு தனிப்பேச்சு தொடங்கிவிடும்.

உங்கள் நாட்டைப் பற்றிக் கேள்வி வரும், சில அபத்தமாகவும் இருக்கும். நாட்டின் தூதராகப் பதில் சொல்லத் தேவையில்லை. "எங்க வீட்டில் இப்படி" என்று உங்கள் அளவில் சொன்னால் சண்டையும் வராது, சொற்பொழிவும் ஆகாது. சம்பளம், வயது, கல்யாணம், விசா நிலைமை, மதிப்பெண்: இதையெல்லாம் அவர்களாக எடுத்தால் பேசுங்கள்.

பார்ட் டைம் வேலையிலும் லேபிலும் கணக்கு கொஞ்சம் வேறு. எல்லோருக்கும் அவசரம், நீளமாகப் பேச முடியாது. வேலையைப் பற்றியே கேளுங்கள். "இந்த மெஷின் ஏன் எப்பவும் சாயங்காலம் மட்டும் நிக்குது?" என்று பழைய ஆளிடம் கேட்டால் அதன் முழு ஜாதகத்தையும் சொல்வார். மேலதிகாரியைப் பற்றிய வம்பு வந்தால் முதல் சில மாதங்களுக்குக் காது மட்டும் போதும், உங்கள் பங்குக்கு ஒன்றும் சேர்க்காதீர்கள்.

பேசிவிட்டு அறைக்கு வந்து "சே, உளறிட்டேனே" என்று புரளுவது எல்லோருக்கும் நடப்பது. முன்பின் தெரியாதவர்களைப் பேசவைத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2018-இல் வெளியானது: தன்னை அடுத்தவருக்கு எவ்வளவு பிடித்தது என்பதைப் பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிட்டார்கள். கல்லூரி முதலாண்டில் ஒன்றாகத் தங்கியவர்களிடம்கூட இந்த எண்ணம் மாதக்கணக்கில் போகவில்லை. அதனால் மறுநாள் அவரைத் தவிர்த்து வேறு வரிசையில் போய் உட்காராதீர்கள், அதைத்தான் அவர் தப்பாக எடுத்துக்கொள்வார்.

பேச்சை முடிக்கத் தெரியாமல் வாசலில் நின்று நெளிகிறவர்களுக்கு: காரணம் கண்டுபிடிக்க வேண்டாம், பொய்யும் வேண்டாம். ஒரு சிரிப்பு அடங்கின கையோடு "சரி, நான் லைப்ரரிக்குக் கிளம்பறேன், புதன்கிழமை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.