குதிகால் வலியா? காலைல தரைல கால் வைக்கறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க

காலைல கட்டில்ல இருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகால்ல ஆணி ஏறின மாதிரி சுருக்குனு குத்துதா, பத்து நிமிஷம் நடந்தா கொறைஞ்சு, மதியம் உக்காந்துட்டு எந்திரிச்சா மறுபடியும் குத்துதா? பெரும்பாலும் அது குதிவாதம்னு சொல்றாங்களே அதுதான். குதிகால் எலும்புல இருந்து விரல் வரைக்கும் உள்ளங்கால்ல ஒரு தடிச்ச நார்ப்பட்டை ஓடுது, அது எலும்புல ஒட்டற எடம் நைஞ்சு போய்தான் இந்த வலி.

எக்ஸ்ரேல குதிகால் எலும்பு முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு தெரிஞ்சா பயந்துடாதீங்க. நான் படத்த பாத்துட்டு அத ஆபரேஷன் பண்ணி எடுக்கணுமோனு ராத்திரி பூரா தூங்கல. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த முள்ளு இருக்கு, எனக்கும் வலி போயிடுச்சு, முள்ளு அங்கயேதான் இருக்கு.

ஸ்டெப் 1: இதுதான் முக்கியம், மத்தத விட்டாலும் இத விடாதீங்க. கட்டில விட்டு இறங்காம வலிக்கற கால தூக்கி இன்னொரு தொடை மேல போட்டு, அஞ்சு விரலையும் சேத்து புடிச்சு கணுக்கால் பக்கமா இழுங்க. இன்னொரு கையால உள்ளங்கால தடவி பாத்தா அந்த நார் கொடிக்கயிறு மாதிரி விறைச்சு நிக்கும், அப்ப சரியா பண்றீங்கனு அர்த்தம். 10 எண்ணி விடுங்க, இப்படி 10 தடவை, தினம் 3 வேளை.

ஸ்டெப் 2: வீட்டுக்குள்ளயும் செருப்பு. டைல்ஸ் தரைல வெறுங்காலோட நின்னு சமைச்சா வலி எங்க போகும்? மெத்து மெத்துனு எம்.சி.ஆர் (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு கேட்டு வாங்குங்க. எங்க மாமியார் அடுப்படிக்குள்ள செருப்பானு மூஞ்ச தூக்கினாங்க, வாசப்படி தாண்டாத தனி ஜோடினு சொல்லி சமாளிச்சேன்.

ஸ்டெப் 3: சுவத்துல கை ஊனி, வலிக்கற கால பின்னாடி வச்சு, குதிகால் தரைய விட்டு எழும்பாம முன்னாடி சாயுங்க, கெண்டைக்கால் இழுக்கும். 30 செகண்ட், 3 தடவை.

ஸ்டெப் 4: சாயங்காலம் ஃப்ரீசர்ல வச்ச தண்ணி பாட்டில துணி சுத்தி காலுக்கடியில 10 நிமிஷம் உருட்டுங்க. சூடான செங்கல்ல எருக்க இலை போட்டு மிதிக்கறது பாட்டி காலத்து வைத்தியம், சிலருக்கு இதமா இருக்கும், ஆனா எருக்கம்பால் கண்ணுல படக்கூடாது. சுகர் இருந்து கால் மரத்துப் போறவங்க ஐஸும் வேணாம் செங்கல்லும் வேணாம், சுட்டாக்கூட தெரியாது.

ஒரு வாரத்துல போயிடும்னு நெனைக்காதீங்க, மாசக்கணக்குல ஆகும். ஒன்றரை மாசம் ஒழுங்கா பண்ணியும் அப்படியே இருந்தா எலும்பு டாக்டர பாருங்க. ஸ்டீராய்டு ஊசி சீக்கிரம் கேக்கும், ஆனா கொஞ்ச நாளைக்குத்தான், திரும்பத் திரும்ப போட்டா அந்த நாரே அறுந்து போகலாம், குதிகால் கொழுப்பும் கரையலாம். ஷாக் வேவ்னு, வலிக்கற எடத்துல மெஷினால அதிர்வலை குடுக்கற சிகிச்சை இருக்கு, ஆபரேஷன் கடைசி கடைசியாத்தான். வலி மாத்திரைய கடைல கேட்டு மாசக்கணக்குல முழுங்காதீங்க, வயித்துப்புண்ணு, கிட்னி பிரச்சனை எல்லாம் வரும்.

காய்ச்சலோட வீக்கம், கால் மரத்துப் போறது, கீழ விழுந்தப்பறம் கால் ஊனவே முடியாம போறது, சின்ன வயசுல ரெண்டு குதிகாலும் வலிச்சு காலைல முதுகும் விறைச்சுக்கறது, இதுல ஏதாவது இருந்தா இந்த ஸ்டெப் எதுவும் வேணாம், நேரா டாக்டர்கிட்ட போங்க.